டிரிவாகோ, டிரிப்அட்வைசர், டிராவல்ஜூ: யாருக்கு எங்கே அடி விழும்?

இந்த மூன்று நிறுவனங்களும் வளர்ந்தது முதன்மையாக விளம்பரக் காசில். ஊர் சுற்ற நினைப்பவரைப் பிடித்து, அறையோ டிக்கெட்டோ விற்கிறவர்களிடம் அனுப்பிவைத்துக் காசு வாங்குகிறார்கள். மூன்றும் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானவை. ஆண்டறிக்கையில் அபாயங்கள் என்ற பகுதி பக்கம் பக்கமாக நீளும்: போர், தொற்றுநோய், நாணய மதிப்பு, ஹேக்கிங். அதெல்லாம் எல்லோருக்கும் பொது, விட்டுவிடலாம். பணம் யாரிடமிருந்து வருகிறது, ஆட்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்ற இரண்டைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

டிரிவாகோவை நம் ஊரில் டிவி பார்த்த யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. விளம்பர இடைவேளைதோறும் வந்து நின்ற அபினவ் குமார் நடிகர் அல்ல, அந்த நிறுவனத்தின் அப்போதைய இந்தியப் பொறுப்பாளர். ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் 2005இல் தொடங்கிய, ஹோட்டல் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் நிறுவனம் அது. 2017இல் வருமானம் 100 கோடி யூரோவைத் தாண்டியது. அதில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு மீண்டும் விளம்பரத்துக்கும் விற்பனைக்குமே போய்விட்டது. வந்த வருமானத்திலும் முக்கால் பங்குபோல இணையத்தில் அறை விற்கும் இரண்டே குழுமங்கள் கொடுத்தது: புக்கிங், எக்ஸ்பீடியா. இதில் எக்ஸ்பீடியாதான் டிரிவாகோவின் பெரும்பான்மைப் பங்குதாரரும்கூட!

இப்படி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே 2017 சாட்சி. 2016 டிசம்பரில் 11 டாலருக்கு வெளியான பங்கு, அடுத்த கோடையில் 20 டாலரைத் தாண்டியிருந்தது. அப்புறம் புக்கிங் தன் விளம்பரச் செலவை இறுக்கிப் பிடித்தது; வருடம் முடிவதற்குள் பங்கு வெளியீட்டு விலைக்கும் கீழே போய்விட்டது. வருமானமும் 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் சரிந்தது. கொரோனா வந்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு அடி ஆஸ்திரேலியாவில் விழுந்தது. மலிவான அறையைத் தேடித் தருவதாகச் சொல்லிவிட்டு, கிளிக்குக்கு யார் அதிகம் தருகிறார்களோ அவர்களை மேலே தூக்கிக் காட்டியது என்று நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. கோடு போட்டு அடித்த விலை ஒன்று பக்கத்தில் இருக்குமே, அதிலும் வில்லங்கம். அடித்த விலை சொகுசு அறைக்கானது, பக்கத்தில் இருந்தது சாதாரண அறைக்கானது. ஒரே ஹோட்டல், வேறு வேறு அறை. பார்ப்பவருக்கோ பெரிய தள்ளுபடி கிடைத்ததுபோல ஒரு தோற்றம். 2020இல் தீர்ப்பு எதிராக வந்தது, 2022இல் அபராதம் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர். இதை யாரோ ஓர் ஊழியர் செய்த தவறாக என்னால் பார்க்க முடியவில்லை. கிளிக்குக்குக் காசு கொடுப்பவரையும் மலிவு தேடி வருபவரையும் ஒரே பட்டியலில் திருப்திப்படுத்தப் பார்த்தால் இந்தச் சிக்கல் எந்த நாட்டிலும் வரும்.

ஹோட்டல், உணவக விமர்சனங்களுக்குப் பெயர்போன டிரிப்அட்வைசரின் நிலைமை கொஞ்சம் தேவலை. அங்கேயும் அதே இரண்டு குழுமங்கள்தான் பெரிய விளம்பரதாரர்கள், ஆனால் வருமானத்தில் அவர்கள் தரும் பங்கு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. தானே முன்பதிவு வாங்கிப் பார்ப்போம் என்று 2014 வாக்கில் ஒரு முயற்சி செய்தார்கள். கைக்கு வந்துகொண்டிருந்த கிளிக் வருமானம் அடிவாங்கியது, பின்வாங்கினார்கள். அதே 2014இல் 20 கோடி டாலர் கொடுத்து வாங்கிய வியாட்டர்தான், சுற்றுலாக்களையும் நுழைவுச்சீட்டுகளையும் விற்று, இன்று வருமானத்தில் பெரும் பங்கைத் தருகிறது.

அவர்களுக்குத் தலைவலி வேறு இடத்தில். ஆட்கள் கூகுள் தேடல் வழியாக வருகிறார்கள், கூகுளோ ஹோட்டல் விலையையும் விமர்சனங்களையும் தன் பக்கத்திலேயே காட்டத் தொடங்கிவிட்டது. போதாக்குறைக்குப் போலி விமர்சனங்கள். 2017இல் லண்டனில் ஒரு பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை இல்லாத உணவகமாகப் பதிவு செய்து, பொய் விமர்சனங்களாலேயே அந்த நகரத்தின் முதலிடத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். சரி, அது வேடிக்கை. ஆனால் விமர்சனத்தை நம்பி வருகிறவர்கள்தான் அங்கே முதலீடு.

மூன்றில் சிறியது டிராவல்ஜூ. 1998இல் தொடங்கியது, வாராவாரம் மின்னஞ்சலில் இருபது சலுகைகளை அனுப்பிப் பெயர் வாங்கியது. உறுப்பினர்கள் சுமார் 3 கோடிப் பேர். அவர்களிடம் மின்னஞ்சல் வழியாக நேரடியாகப் பேச முடியும் என்பதால், கூகுள் தேடலை மற்ற இருவர் அளவுக்கு நம்பியிருக்க வேண்டியதில்லை. விளம்பரதாரர்களும் ஹோட்டல், கப்பல், விமானம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். இவ்வளவு நல்ல அமைப்பு இருந்தும் வளரவில்லை என்பதுதான் அதன் அபாயம். 2011இல் 14.8 கோடி டாலர் வருமானம், 2024இல் சுமார் 8.4 கோடி. தொடக்கத்தில் இணையத்தில் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் இலவசமாகப் பங்கு கொடுத்த கூத்து வேறு, உரிமை கோரப்படாத அந்தப் பங்குகளுக்காக 2011இல் டெலவேர் மாநிலத்துக்கு 2 கோடி டாலர் கட்ட வைத்தது.

2024 தொடக்கத்தில் அமெரிக்காவில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் வருடத்துக்கு 40 டாலர் வாங்க ஆரம்பித்தார்கள். சந்தாக் காசு வந்தால் விளம்பரதாரர் தயவு குறையும், இலவசமாகப் படித்துப் பழகியவர்கள் கழன்றுகொள்ளவும் கூடும்.

மூன்றில் எந்தப் பங்கு வாங்கத் தேவலை என்று கேட்டால், டிரிவாகோவைக் கடைசியில் வைப்பேன். இரண்டு வாடிக்கையாளர் முகம் சுளித்தால் ஆட்டம் காணும் கணக்கு அது. டிரிப்அட்வைசரை வாங்குவதானால் வியாட்டருக்காக வாங்கலாம், விளம்பரத்துக்காக அல்ல. டிராவல்ஜூவில் நான் முதலில் தேடுவது, 40 டாலர் கட்டியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடமும் கட்டினார்கள் என்பதை.