பழைய கயாக் வாங்கப் போகிற பெற்றோருக்கு

என் மகனுக்குப் பதினைந்து வயது. கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் கடலோரம் இருக்கிற கற்களில் நின்று தூண்டில் போட்டுப் பழகியவன். மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று ஓயும்வரை அந்தக் கற்களில் நிற்க நான் விடுவதில்லை, அலை ஆளைத் தூக்கிவிடும். அந்த மாதங்களில் ரீலைக் கழற்றுவதும் துடைப்பதும் திரும்பப் பூட்டுவதுமாக அவன் வீட்டுக்குள் இருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். "அம்மா, மாமா வீட்டுப் பக்கம் ஏரியில் இறக்க ஒரு சின்னக் கயாக் இருந்தால் போதும்" என்று இரண்டு வருஷமாகக் கேட்டான். கயாக் என்றால் உட்கார்ந்து துடுப்பால் வலிக்கிற ஒடுக்கமான சின்னப் படகு. என் தம்பி மொறட்டுவையில் இருக்கிறான், பொல்கொட ஏரி அவனுக்கு நடை தூரம். சீட்டுக் காசு கைக்கு வந்ததும் சரி என்றேன். ஏரியில் முதலை இருக்கிறதே என்பதுதான் என் பயமாக இருந்தது. கயாக்கைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புதியது விசாரித்தோம், கைக்கு எட்டவில்லை. அப்புறம் இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பத்து அடி நீளம், மேலே உட்காரும் வகை, தூண்டில் தாங்கி இரண்டு, 150 கிலோ தாங்கும், ஒரு சீசன் மட்டும் பாவித்தது, துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் இலவசம், விலை 95,000 ரூபா. நீர்கொழும்பு வீதிப் பக்கம் பெயர்ப்பலகை இல்லாத ஒரு வளவு. சனிக்கிழமை காலை போனோம்.

அந்த வளவில் நடந்ததைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன், நான் ஏமாந்தது அங்கேதான். சிவப்புக் கயாக். மேல்பக்கத்தைக் கழுவி, ஏதோ எண்ணெய் பூசி மினுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பெரிய மீன் ஸ்டிக்கர், புத்தம் புதிது. மகன் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் விற்பவர் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். நான் அடிப்பக்கத்தைத் தடவினேன். உள்ளங்கையில் சிவப்புத் தூள் ஒட்டியது, குங்குமத்தைத் தொட்ட மாதிரி. "தூசி அக்கா, பின்னால கிடந்ததுதானே" என்றார். அடியிலும் ஒரு மீன் ஸ்டிக்கர் இருந்தது. தண்ணீருக்குள் போகிற அடிப்பாகத்தில் யார் பார்க்க ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள் என்று கேட்க எனக்கு அப்போது வரவில்லை. காசை வங்கிக்கு அனுப்பினேன். துண்டுச் சீட்டில் "கயாக் 1" என்று எழுதித் தந்தார்.

மறுநாள் விடியவே பொல்கொடவில் இறக்கினோம். அதற்கு முன் என் தம்பி ஒரு காரியம் செய்தான், அதற்காக அவனுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். இலவசமாக வந்த ஜாக்கெட்டை மருமகனுக்குப் போட்டு, வாரை இறுக்கி, இரண்டு தோள்களிலும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தான். ஜாக்கெட் காதுவரை ஏறிவிட்டது. எத்தனை கிலோ ஆளுக்கு என்று சொல்லும் லேபிளும் அதில் இல்லை. "இது வேண்டாம் அக்கா" என்று சொல்லிவிட்டுத் தெரிந்த வீட்டில் அளவான ஒன்றை வாங்கி வந்தான்.

முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. கண்டல் மரங்கள் ஓரமாகக் கொடுவா மீன் தேடித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். தம்பி பக்கத்து வீட்டு வள்ளத்தில் பின்னால் போனான். திடீரென்று "மாமா, ஒரு பக்கம் இழுக்குது" என்று சத்தம் கேட்டது. இடது பக்கம் சரிந்தது, பிள்ளை வலது பக்கம் சாய்ந்து கொடுத்தான், அடுத்த நொடி கயாக் முழுசாக அவன் சாய்ந்த வலது பக்கமே புரண்டுவிட்டது. கரையில் நின்ற எனக்குக் கயாக்கின் அடிப்பாகமும் அதில் ஒட்டிய மீனும்தான் தெரிந்தன. பிறகு ஜாக்கெட்டின் செம்மஞ்சள் நிறம் மேலே வந்தது. றொட், ரீல் எல்லாம் போய்விட்டன. போகட்டும்.

கரைக்கு இழுத்து வந்தபின் மூன்று பேர் சேர்ந்தும் அதைத் தூக்க முடியவில்லை. வெறுமையாக இருக்கும்போது 25 கிலோவுக்குள் இருக்கிற பொருள் அது. உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்கிற பின்பக்க அடைப்பானைக் கழற்றினோம். மணிக்கூட்டைப் பார்த்தேன், தண்ணீர் ஏழு நிமிடம் ஓடியது.

இதில் இருக்கிற ஆபத்து எனக்கு அன்றுதான் விளங்கியது. மேலே உட்காரும் கயாக்கின் உடம்பு உள்ளே வெறுமையாக, மூடிய பெட்டி மாதிரி இருக்கும். இருக்கையில் விழும் தண்ணீர் வடிய, மேலிருந்து அடிவரை குழாய் போலத் துளைகள் வைத்திருப்பார்கள். காலடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்பதும் வடிவதும் வழக்கம்தான், அதனால் பிள்ளைக்குச் சந்தேகம் வராது. ஆனால் அந்தத் துளையைச் சுற்றி வெடிப்பு இருந்தால் தண்ணீர் உடம்புக்குள்ளே ஏறும், கண்ணுக்குத் தெரியாது. பாதி நிறைந்ததும், பிள்ளை எந்தப் பக்கம் அசைகிறானோ அந்தப் பக்கம் முழுத் தண்ணீரும் ஓடும். அப்புறம் யாராலும் நிமிர்த்த முடியாது.

அடியில் இருந்த ஸ்டிக்கரை உரித்தேன். துளையின் விளிம்பிலிருந்து என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மேலே சிலிக்கோன் பூசியிருந்தார்கள். நகத்தால் நெம்பினேன், பாலாடை மாதிரி ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. தண்ணீர்த் தாங்கி ஒட்டுகிற ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். இது பாலிஎத்திலீன், எந்தப் பசையும் இதில் நிலைக்காது, அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கித்தான் ஒட்ட வேண்டும் என்றார். பிறகு வேறு இரண்டு துளைகளைச் சுற்றி மயிரிழை மாதிரி இருந்த கீறல்களைக் காட்டி, "ஒட்டினாலும் பக்கத்தில் வெடிக்கும், வெயிலில் வெந்த சாமான்" என்று காசு வாங்காமலே அனுப்பிவிட்டார். என் கையில் ஒட்டிய அந்தச் சிவப்புத் தூளும் அதுதான். வருஷக்கணக்காக வெயில் குடித்த பிளாஸ்டிக்கின் மேல்தோல் அப்படி மாவாக உதிரும். ஒரு சீசனில் அது வராது. கடற்கரையில் வாடகைக்கு விட்டு, மணலில் இழுத்து இழுத்துத் தேய்த்த கயாக் என்றுதான் நினைக்கிறேன்.

விற்றவருக்குப் போன் எடுத்தேன். முதல் தடவை "கல்லில மோதியிருப்பீங்கள் அக்கா" என்றார். சிலிக்கோன் படத்தை அனுப்பியதும் "தண்ணியில இறக்கின சாமானைத் திருப்பி எடுக்கிறதில்லை" என்றார். மகன் விழுந்ததைச் சொன்னேன். "ஜாக்கெட் தந்தேன்தானே" என்றார். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதன் பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து கயாக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒவ்வொரு துளைக்குள்ளும் விரலை விட்டு விளிம்பைத் தடவுங்கள். கயாக்கின் மேல்பக்கத்தில் திறக்கிற மூடி ஒன்று இருந்தால், இருட்டான இடத்தில் போன் டோர்ச்சை உள்ளே வைத்து வெளியே வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி, இரண்டு டயர் மேல் தூக்கி வைத்து ஆட்டிவிட்டுப் பத்து நிமிடம் அடியைப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அங்கிருந்து வந்துவிடுங்கள். தாங்கும் எடை 150 கிலோ என்றால் அது முழுவதையும் நம்ப வேண்டாம். பிள்ளை, தூண்டில் பெட்டி, துடுப்பு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்த்து அதில் மூன்றில் இரண்டுக்குள் நிற்பதுதான் நல்லது. பழகுகிற பிள்ளைக்கு அகலம் 30 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் ஆட்டம் குறைவு. ஜாக்கெட்டுக்கு மட்டும் காசு மிச்சம் பிடிக்கவே வேண்டாம், அதைத் தனியாக, அளவு பார்த்து வாங்குங்கள்.

பெயரும் முகவரியும் உள்ள பில் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் எடுக்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் வங்கிச் சீட்டோடும் அந்தத் துண்டுச் சீட்டோடும் கொடுத்திருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இன்று இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நேற்று இரவு மகன் காட்டிய ஒரு புதிய விளம்பரம். வேறு பெயர், வேறு தொலைபேசி இலக்கம். பின்னால் தெரிவது அதே வளவின் நீலத் தகரக் கதவு. இந்த முறை பச்சைக் கயாக், விலை 90,000 ரூபா, பக்கத்தில் அதே மீன் ஸ்டிக்கர். அடிப்பக்கத்தை எந்தப் படத்திலும் காட்டவில்லை.