12 அங்குலத்தை இறக்கிவிட்டு 8 அங்குலம்

என் மாமா தவில் வாசிப்பவர். குடியாத்தம் பக்கத்துக் கோவில்களில் நாற்பது வருடமாக வாசிக்கிறார். போன ஐப்பசியில் அவரை ஊரில் விடுவதற்காகக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். புதிதாக சப்வூஃபர், அதாவது பேஸ் சத்தத்துக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர், போட்டிருந்த பெருமை எனக்கு. பள்ளிகொண்டா நெருங்கும்போது பென் டிரைவில் இருந்த ஒரு நாதஸ்வரக் கச்சேரியைச் சத்தமாக வைத்தேன். இரண்டு நிமிடம் கேட்டார். "இன்னாடா இது, தவிலு எங்க கீது? பீப்பாய உருட்டற சத்தம்தான் வருது" என்றார்.

அப்போது டிக்கியில் இருந்தது 12 அங்குல சப்வூஃபர் பெட்டி. ஆம்ப்ளிஃபயர், வயர், கூலி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். போட்டுக்கொடுத்த கடையின் பெயர் வேண்டாம். ஆனால் அவர்கள் செய்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கம்பெனி வயரை அதன் இணைப்பு முனையான கப்ளரோடு வெட்டி எறிந்துவிட்டு, முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். எர்த் வயரைப் பெயின்ட் கூடச் சுரண்டாமல் பின்சீட்டு போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கருக்குள் கொசு பறப்பது மாதிரி ஒரு சத்தம் ஏறிக்கொண்டே போகும். அது ஆல்டர்னேட்டரின் இரைச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் வயரையும் சாவியை எடுத்தாலும் கரண்ட் நிற்காத இடத்தில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் காட்பாடி ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ஊரிலிருந்து திரும்பினால், விடியற்காலை நாலு மணிக்கு பேட்டரி செத்துக் கிடக்கிறது.

இது எல்லாவற்றையும் விட மோசம், கதவு. டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். ஸ்பீக்கர் மாட்டும் அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டார்கள். முதல் மழையிலேயே கால்மிதி ஊறிப்போயிற்று.

சரி, புலம்பல் போதும். வேலூர் சத்துவாச்சாரியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு சின்னக் கடை. அலுவலக நண்பர் சொல்லிப் போனேன். வெளியே இருப்பது சீட் கவர் விளம்பரப் பலகை மட்டும்தான். ஆடியோ வேலை நடப்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். மாஸ்டர் ஆற்காட்டுக்காரர், பேச்சு குறைவு. நான் போனதும் "அண்ணே, இன்னும் நல்ல 12 இன்ச் ஒண்ணு போடலாமா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டோர் பேடைக் கழற்றி, உள்ளே இருந்த பெரிய ஓட்டைகளைக் காட்டினார்.

அந்த அரை மணி நேரப் பாடத்துக்காகவே அவருக்குக் காசு கொடுக்கலாம். ஸ்பீக்கரின் கோன் முன்பக்கக் காற்றைத் தள்ளும்போது பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டு அலைகளும் கதவு ஓட்டை வழியாக ஒன்றோடொன்று கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். அதில் முதலில் காணாமல் போவது பேஸ். அதனால் எத்தனை ஆயிரத்துக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும், ஓட்டைகளை மூடிக் கதவையே ஒரு பெட்டி ஆக்காத வரை வேலைக்கு ஆகாது. கட்டை பிளந்த தவிலுக்குப் புதுத் தோல் மாட்டுவது மாதிரி. உவமை என்னுடையது, மாஸ்டர் இப்படியெல்லாம் பேசமாட்டார்.

முன்கதவு இரண்டுக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட், அதாவது தகரத்தின் அதிர்வை அடக்கும் ரப்பர் ஷீட். தார் ஷீட் பாதி விலைக்குக் கிடைக்குமே என்றேன். "நம்ம ஊரு மே மாசத்துல உருகி நாறும் சார்" என்றார். வெயிலூர் என்று நாமே சொல்லிக்கொள்கிற ஊரில் இதற்கு மேல் வாதம் செய்ய முடியுமா? தின்னர் போட்டுத் தகரத்தைத் துடைத்து, ஷீட்டை ஒட்டி, ரோலரால் ஒவ்வொரு மூலையாக அழுத்தினார். கிழிந்த பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாக வேறொன்றையும் வெட்டி ஒட்டினார். முடித்ததும் கதவை ஒரு முறை சாத்தினேன். தகர டப்பா சத்தம் போய், கனமான மரக்கதவு சாத்துகிற சத்தம்.

ஸ்பீக்கர் விஷயத்தில் வாட்டைப் பார்க்காதே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். டேஷ்போர்டில் இருக்கும் செட்டின் முகத்தில் 50x4, அதாவது நான்கு சேனலுக்கும் 50 வாட் என்று அச்சடித்திருந்தாலும், தொடர்ந்து தரக்கூடியது ஒரு சேனலுக்கு 15 முதல் 20 வாட்தான். அதை வைத்துக்கொண்டு 300 வாட் என்று எழுதிய ஸ்பீக்கரை வாங்குவதில் பிரயோஜனம் இல்லை. பார்க்கவேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. அது 3 டெசிபல் கூடினால், செட்டின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 91 டெசிபல் உள்ள 6.5 அங்குல காம்பொனன்ட் ஜோடி ஒன்றை எடுத்தோம். மேல்சத்தத்துக்கான ட்வீட்டர் தனியாக, சத்தத்தை இரண்டாகப் பிரித்துக்கொடுக்கும் கிராஸ்ஓவர் தனியாக. பின்கதவில் கம்பெனி ஸ்பீக்கரையே விட்டுவிட்டார். நாம் உட்காருவது முன்னால்தானே.

சப்வூஃபர், டிரைவர் சீட்டுக்கு அடியில் போகிற 8 அங்குல ஆக்டிவ் வகை. ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கிறது. பேட்டரியிலிருந்து முக்கால் அடியில் ஃபியூஸ், சுத்தச் செம்பு வயர், பெயின்ட் சுரண்டிய இடத்தில் ஒரு அடி நீளத்துக்குள் எர்த். கரண்ட் வயர் காரின் ஒரு பக்கம், சிக்னல் வயர் மறு பக்கம். கொசுச் சத்தம் அன்றோடு ஒழிந்தது.

செட்டிங் செய்ய மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழமான பேஸ் போகவிடாமல் செட்டிலேயே வெட்டினார். அதற்குக் கீழே எல்லாம் சப்வூஃபர் பாடு. நான் எப்போதும் உச்சத்தில் வைத்திருந்த பேஸ் கண்ட்ரோலை சைபருக்குக் கொண்டுவந்தார். பிறகு சப்வூஃபரின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை இப்படியும் அப்படியும் தட்டி, "எதுல அடி கனமா வருது?" என்று என்னையே கேட்டார். ஒரு சின்ன சுவிட்சில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. தவறான பக்கத்தில் சப்வூஃபரும் கதவும் சண்டை போட்டுக்கொள்கின்றன. சரியான பக்கத்தில் பேஸ் சீட்டுக்கு அடியிலிருந்து எழுந்து டேஷ்போர்டுக்கு வந்துவிடுகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தருகிறேன் என்றவர் கொடுத்தது ராத்திரி எட்டு மணிக்கு. உட்கார ஒரு ஸ்டூல், அதுவும் வெயிலில். கேட்டு வாங்கினால்தான் பில். டோர் பேடின் கிளிப் ஒன்றை உடைத்திருக்கிறார். இரண்டாவது வாரம் கதவு கிடுகிடுக்க ஆரம்பித்தது. திரும்பப் போனபோது கிளிப் மாற்றி ஃபெல்ட் டேப் ஒட்டிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. இடப்பக்க ட்வீட்டர் இன்னும் கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம்.

டேம்பிங் 5,500, ஸ்பீக்கர் 7,800, சப்வூஃபர் 14,000, வயர் 1,600, கூலி 2,500. மொத்தம் 31,400 ரூபாய். கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது என்றால், என்னைக் கேட்டால் சப்வூஃபரை மறந்துவிட்டுக் கதவை மட்டும் செய்யுங்கள். பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கவேண்டும், கண்ணாடி அதிரவேண்டும் என்பவர்களுக்கு இந்த 8 அங்குலம் சரிப்படாது. என் சித்தப்பா பையன் உட்கார்ந்து பார்த்துவிட்டு "அவ்ளோதானா?" என்று இறங்கிப் போய்விட்டான். பழைய எம்பி3 பாட்டுகளும் இதில் தப்பமுடியாது. சின்னதாகச் சுருக்கிய கோப்பில் ஜாலராவும் தாளமும் மணலைக் கொட்டுவது மாதிரி கேட்கும். பென் டிரைவ் முழுவதையும் நான் மாற்றவேண்டியிருந்தது.

தைப் பொங்கலுக்கு மாமாவை அழைத்துவரப் போனேன். அதே கச்சேரி, அதே பள்ளிகொண்டா, எண்பதில் வண்டி. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று "நிறுத்து, திரும்பப் போடு" என்றார். போட்டேன். "தொப்பில குச்சி வழுக்குறான் பாரு. இத்தினி நாளா எனக்குத் தெரியல" என்றார். தவிலில் குச்சியால் அடிக்கிற பக்கம்தான் தொப்பி. பிறகு பின்சீட்டில் காலை நீட்டப் பார்த்து, என் சீட்டுக்கு அடியில் சப்வூஃபர் இடித்ததும், "இத எவன்டா இங்க வெச்சான்?" என்று மாஸ்டரைத் திட்ட ஆரம்பித்தார்.