என் ரிப்போர்ட்ல பால் சிவப்பு, அவங்க டப்பாவுக்குள்ளயும் பால்

இதை எழுதவா வேண்டாமான்னு ரெண்டு மாசமா இழுத்துட்டே இருந்தேன், ஏன்னா எழுதுனா "படிச்சவ தானே, இதுக்கெல்லாமா ஏமாறுவே"ன்னு நாலு பேர் கேப்பாங்க. கேட்டுக்கோங்க. ஏமாந்தேன், அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, முழுசா ஏழு மாசம். எடை குறைக்கணும், ஆனா எனக்கு இது ஒத்துக்காது அது ஒத்துக்காதுன்னு இருக்கிறவங்க குறிப்பா படிங்க, ஏன்னா வலை விரிக்கிறதே நமக்குத்தான்.

எனக்குப் பால் குடிச்சா வயிறு உப்பிக்கும், சின்ன வயசுல இருந்தே. எடையும் 81 கிலோவுக்கு வந்துடுச்சு. டயட் லிஸ்ட் எதை எடுத்தாலும் பால், தயிர், சீஸ்னு இருக்கும், அதை எடுத்துட்டா அந்த இடத்துல என்ன போடுறதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இப்படித் தேடிட்டே இருந்தா போன் சும்மா இருக்குமா, ரெண்டே நாள்ல விளம்பரம் வந்துடுச்சு. "உங்களுக்கு ஒத்துக்காத உணவுதான் உங்க எடையை இறங்க விடாம பிடிச்சு வெச்சிருக்கு, ஒரு துளி ரத்தத்துல கண்டுபிடிச்சு, உங்களுக்குன்னே தயாரிச்ச முழு உணவுத் திட்டம் தர்றோம்". எனக்கே எழுதுன மாதிரி இருந்துச்சு. நிறுவனத்தோட பேர் போட மாட்டேன், எப்படி நடந்துச்சுன்னு மட்டும் சொல்றேன், உங்க பக்கத்துல வேற பேர்ல நடந்தாலும் அடையாளம் தெரியும்.

கிட் தபால்ல வந்துச்சு, விரல்ல குத்தி அட்டையில ரத்தம் வெச்சு திருப்பி அனுப்பணும். ரெண்டு வாரத்துல கலர் கலரா ரிப்போர்ட். 38 உணவு சிவப்பு, 21 மஞ்சள், மிச்சம் பச்சை. சிவப்புல பால், கோதுமை, முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை, பாதாம், பூண்டு, வாழைப்பழம். பாத்த உடனே எனக்கு ஒண்ணு உறுத்துச்சு, நான் தினமும் எதைச் சாப்பிடுறேனோ அது பூராவும் சிவப்புல இருக்கு, வாழ்க்கையில ரெண்டு தடவை கூட தொடாதது எல்லாம் பச்சைல இருக்கு. ஆனா "பாத்தீங்களா, இத்தனை வருஷம் விஷத்தை சாப்பிட்டிருக்கீங்க டியர்"னு அந்த நிறுவனத்தோட டயட் கோச் வாய்ஸ் மெசேஜ் போட்டதும் உறுத்தல் போய் பயம் வந்துடுச்சு.

அந்த உறுத்தல்தான் சரின்னு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது. அவங்க பாத்தது ஐஜிஜி டெஸ்ட், ஐஜிஜிங்கிறது ரத்தத்துல இருக்கிற ஒரு வகை எதிர்ப்புப் புரதம். ஒரு உணவை நாம சாப்பிடுறோம்னா அதுக்கு எதிரா ஐஜிஜி ரத்தத்துல இருக்கிறது சாதாரணம், உடம்புக்கு அந்த உணவு பழக்கம்ங்கிறதோட அடையாளம் அது, ஒத்துக்கலைன்னு அர்த்தமே இல்ல. ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் அமைப்பு 2008லயே ஐஜிஜில ஒரு வகையான ஐஜிஜி4 வெச்சு உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முயற்சி பண்ணாதீங்கன்னு சொல்லிட்டாங்க, கனடா அலர்ஜி அமைப்பும் 2012ல அதையே சொன்னாங்க. அதாவது நான் காசு குடுத்து வாங்குனது என் சாப்பாட்டு டைரியை, கலர் அடிச்சு!

சரி, முட்டை போச்சு, பருப்பு போச்சு, கோதுமை போச்சு. அப்ப புரோட்டீனுக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன். அதுக்குத்தான் எங்க ஷேக் இருக்கேன்னாங்க. பசிச்சா? எங்க ஸ்நாக் பார் இருக்கே. வயிறு சுத்தமாக? எங்க மூலிகை டீ. இப்ப யோசிச்சா வியாபாரமே இங்கதான் இருக்கு, கடையில கிடைக்கிற சாதாரண சாப்பாட்டை எல்லாம் முதல்ல சிவப்பாக்கிடணும், அப்புறம் மிச்சம் இருக்கிறது அவங்க டப்பா மட்டும்தான். பேர் என்னவோ "முழு உணவுத் திட்டம்", ஆனா முழுசா உருவத்தோட இருந்த ஒரே உணவு வெள்ளரிக்கா.

முதல் பத்து நாள்ல 3.4 கிலோ குறைஞ்சுது. குதிச்சேன். அக்காவுக்கு போன் போட்டு நீயும் சேருன்னு சொன்னேன் (நல்லவேளை அவ சேரல, அவளுக்கு என்னை விட புத்தி). அந்த 3.4 எதுன்னு பின்னாடிதான் விளங்குச்சு. சாப்பாட்டை திடீர்னு குறைச்சா உடம்பு கிளைக்கோஜனா சேத்து வெச்ச மாவுச்சத்தை முதல்ல எடுத்து செலவு பண்ணும், அது ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும், ரெண்டும் சேர்ந்து வெளிய போகும்போது தராசு வேகமா இறங்கும். அதுல கொழுப்பு கொஞ்சம்தான். கூடவே அந்த டீ, தினமும் காலையில நாலு தடவை ஓட விட்டுச்சு, பொருள் பட்டியல்ல "சென்னா இலை"ன்னு இருந்துச்சு, நம்ம நிலாவாரைதான் அது, மலச்சிக்கலுக்குக் குடுக்கிறது. பேதியானாலும் தராசுல குறையத்தானே செய்யும்.

அதுக்கப்புறம் முள்ளு நகரல. மூணாவது மாசம் ஒரு கிலோ ஏறவே செஞ்சுச்சு. கேட்டா "நீங்க ஏதோ சீட் பண்றீங்க டியர்". நான் சீட் பண்ணல, பச்சை லிஸ்ட்ல இருக்கிறதை எவ்வளவு வேணா சாப்பிடலாம்னு அவங்கதான் சொன்னாங்க, முந்திரி பச்சைல இருந்துச்சு, ஷேக் குடிச்சுட்டு பசி தாங்காம சாயங்காலம் முந்திரி டப்பாவோட உக்காந்துடுவேன். நூறு கிராம் முந்திரி 550 கலோரிக்கு மேல. அதே நூறு கிராம் வேக வெச்ச பருப்பு சுமார் 115 கலோரி, 9 கிராம் புரோட்டீன், 8 கிராம் நார்ச்சத்து, வயிறும் நிறையும். அந்தப் பருப்பு சிவப்பு, முந்திரி பச்சை. இதை என்னன்னு சொல்றது. நல்ல சாப்பாடுங்கிறது வேற, அளவில்லாம சாப்பிடலாம்ங்கிறது வேறன்னு ஒரு வார்த்தை அந்த கோச் வாயில இருந்து வரல, அவங்களுக்கே தெரியுமான்னு எனக்கு இப்ப சந்தேகம்.

இதுக்கு நடுவுல வயிறு உப்புறது நிக்கவே இல்ல. பாலை தொட்டு மூணு மாசம் ஆச்சு, அப்புறம் எப்படி உப்புது? "டீடாக்ஸ் நடக்குது, கெட்டது வெளிய வருது"ன்னாங்க. ஒரு ராத்திரி தூக்கம் வராம கிச்சன்ல நின்னுட்டு ஷேக் டப்பாவைத் திருப்பிப் பாத்தேன், மூணு மாசத்துல முதல் தடவையா. பொருள் பட்டியல்ல முதல் வார்த்தை வே புரோட்டீன் கான்சென்ட்ரேட். வேன்னா பாலைத் திரிய வெச்சா மேல நிக்குமே அந்தத் தண்ணி, அதுல இருந்து எடுக்கிற புரோட்டீன். கான்சென்ட்ரேட் வகையில லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கிற சர்க்கரை, மிச்சம் இருக்கும். என் ரிப்போர்ட்ல பால் அடர் சிவப்பு, அவங்களே அனுப்பின டப்பாவுல பால், நான் தினமும் ரெண்டு வேளை அதைக் குடிச்சுட்டு ஏன் உப்புதுன்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு இருந்திருக்கேன்.

போட்டோ எடுத்து கோச்சுக்கு அனுப்பினேன். வந்த பதிலை அப்படியே போடுறேன்: "வே வந்து பால் இல்ல டியர், அது புரோட்டீன்". அந்த ஒரு வரியிலதான் எனக்கு முழுசா தெளிஞ்சுது. நீங்க பாலை ஒதுக்குறவங்கன்னா அட்டையில பால்ங்கிற வார்த்தையை மட்டும் தேடாதீங்க, வே, கேசின், கேசினேட் எல்லாமே பால்தான், "நான்-டெய்ரி கிரீமர்", அதாவது பால் சேராத கிரீமர்னு பேர் வெச்சுட்டு உள்ள சோடியம் கேசினேட் போடுறவங்களும் உண்டு. பால் அலர்ஜி உள்ளவங்களுக்கு இது உயிர் விஷயம், எனக்கு உப்புசத்தோட போச்சு.

அன்னிக்கு ராத்திரியே அந்த ஸ்நாக் பாரையும் திருப்பினேன். "சர்க்கரை சேர்க்கப்படாதது"ன்னு முன்னாடி பெருசா, பின்னாடி முதல் பொருள் பேரீச்சம்பழ சிரப், ரெண்டாவது மரவள்ளி ஸ்டார்ச், மூணாவது சிக்கரி வேர் நார். ஒரு பாருக்கு 17 கிராம் சர்க்கரை, நாள் ஒண்ணுக்கு ரெண்டு பார், 34 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்குல தேன், சிரப், பழச்சாறு எல்லாமே சர்க்கரைதான், மொத்த கலோரியில பத்து சதவீதத்துக்குள்ள வைங்க, அஞ்சு சதவீதம்னா இன்னும் நல்லதுன்னாங்க, 2000 கலோரி சாப்பிடுறவங்களுக்கு அந்த அஞ்சு சதவீதம்ங்கிறது 25 கிராம். பேரீச்சம்பழத்தை முழுசா மென்னு சாப்பிட்டா மூணோட நிறுத்திடுவோம், சிரப்பா வந்தா நிறுத்த வேலையே இல்ல. அந்த சிக்கரி நாரும் குடல்ல புளிச்சு வாயுவைக் கிளப்புற சங்கதிதான், உப்புசத்துக்கு அதுவும் ஒரு கை குடுத்திருக்கு.

எனக்கு நடந்ததை விட பெரிய கொடுமை அந்தத் திட்டத்துல சேர்ந்தவங்களுக்கான குரூப்ல ஒரு பொண்ணுக்கு நடக்க இருந்துச்சு. அவங்களுக்கு டாக்டர் உறுதி பண்ண சீலியாக் நோய், கோதுமை மாதிரி சில தானியத்துல இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் துளி கூட ஆகாது, உடம்பு தன் குடலையே அரிச்சுக்கும். அவங்க ரிப்போர்ட்ல பார்லி பச்சை! தாராளமா சாப்பிடலாமாம். பார்லியில குளூட்டன் உண்டு, கோதுமை, பார்லி, ரை மூணுலயும் உண்டு, மால்ட் எக்ஸ்ட்ராக்ட்னு போட்டிருந்தா அதுவும் பெரும்பாலும் பார்லிதான். ஓட்ஸ்கூட கோதுமையோட ஒரே மில்லுல அரைச்சா கலந்துடும். அந்தப் பொண்ணுக்கு விவரம் தெரியும், குரூப்லயே கேட்டாங்க, பத்து நிமிஷத்துல மெசேஜையும் காணோம் அவங்களையும் காணோம். "கோதுமை இல்லாதது"ங்கிறதும் "குளூட்டன் இல்லாதது"ங்கிறதும் ஒண்ணு இல்ல, ரெண்டாவதுக்காவது கோடெக்ஸ்ங்கிற சர்வதேச உணவுத் தர விதியில கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு. "முழு உணவு"ங்கிற வார்த்தைக்கு அப்படி ஒரு கணக்கு எந்த அட்டையிலயும் நான் பாக்கல.

நாலாவது மாசம் முடி கொத்து கொத்தா வந்துச்சு. அப்பதான் டாக்டர்கிட்ட போனேன், போகும்போது ரிப்போர்ட்டைப் பையில ஒளிச்சு வெச்சுட்டுத்தான் போனேன், அவ்வளவு வெக்கம். திட்டுவார்னு பாத்தா திட்டல, ஒரே கேள்விதான் கேட்டார், "கோதுமையை சீலியாக் டெஸ்டுக்கு முன்னாடி நிறுத்துனீங்களா பின்னாடி நிறுத்துனீங்களா". எனக்குப் புரியல. சீலியாக் இருக்கான்னு பாக்கிற ரத்தப் பரிசோதனை, டிடிஜின்னு சொல்வாங்க, அது குளூட்டன் சாப்பிட்டுட்டு இருக்கும்போது எடுத்தாத்தான் சரியா காட்டும், நிறுத்திட்டா நோய் இருந்தாலும் இல்லைன்னு வந்துடலாம். இங்கிலாந்து வழிகாட்டுதல்ல குறைஞ்சது ஆறு வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல குளூட்டன் சாப்பிட்டுட்டு வரச் சொல்லுது. ஆக, நான் மூணு மாசம் கஷ்டப்பட்டு விட்ட கோதுமையை மறுபடி ஆறு வாரம் மருந்து மாதிரி சாப்பிட்டு ரத்தம் குடுத்தேன். சீலியாக் இல்ல. அப்புறம் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை, லாக்டோஸ் கரைச்ச தண்ணியைக் குடிச்சுட்டு மூணு மணி நேரம் குழாய்ல ஊதிட்டே இருக்கணும், அதுல தெரிஞ்சுது, லாக்டோஸைச் செரிக்க வைக்கிற லாக்டேஸ்ங்கிற நொதி எனக்குக் குறைவு. 38 சிவப்புல நிஜம் ஒண்ணே ஒண்ணு, அது எனக்கு பத்து வயசுலயே தெரியும்.

முடிக்கு காரணம் முதல் மாசம் நான் கிடந்த பட்டினி, கொட்டுறது ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியுமாம். டயட்டீஷியன் கிட்ட அனுப்பினார், நிஜ டயட்டீஷியன், அவங்க எந்த டப்பாவும் விக்கல. முட்டை, பருப்பு, கோதுமை எல்லாம் திரும்பி வந்துச்சு. பால் கூட முழுசா விட வேண்டாமாம், லாக்டோஸ் ஒத்துக்காத பலருக்கு ஒரே தடவையில 12 கிராம் வரைக்கும், அதாவது ஒரு கப் பால் அளவு, பெரிசா தொந்தரவு இல்லாம தாங்குமாம், எனக்கு அரை கப் தான் தாங்குது, தயிர் பிரச்சனை இல்ல. கூட ஒரு ஆராய்ச்சி பத்தி சொன்னாங்க, அமெரிக்காவுல 2019ல வந்தது, 20 பேரை ஆஸ்பத்திரியிலயே தங்க வெச்சு ரெண்டு வாரம் அதிகமா பதப்படுத்தின உணவு, ரெண்டு வாரம் பதப்படுத்தாத உணவு, ரெண்டுலயும் எவ்வளவு வேணுமோ சாப்பிடலாம்னு விட்டிருக்காங்க. பாக்கெட் வகையில தினமும் சுமார் 500 கலோரி கூட சாப்பிட்டிருக்காங்க. நான் "முழு உணவு"ன்னு நினைச்சு ஏழு மாசம் காசு கட்டினது அந்தப் பாக்கெட் பக்கத்துக்குத்தான்.

ஏழு மாசம்னு ஏன் சொல்றேன்னா, நாலாவது மாசமே நிறுத்திட்டேன், காசு மட்டும் கார்டுல தானா போயிட்டே இருந்துச்சு. கேன்சல் பண்ண பட்டனே கிடையாது, மெயில் போடணும், மெயிலுக்கு பதில் வராது, வந்தா "தனிப்பட்ட முறையில் தயாரிக்கப்பட்டது, பணம் திரும்பாது". கடைசியில கார்டு குடுத்த பேங்க்ல புகார் பண்ணித்தான் நிறுத்தினேன், கடைசி ரெண்டு மாசக் காசு திரும்ப வந்துச்சு, மிச்சம் போனது போனதுதான். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வெச்சிருந்ததால அந்த அளவுக்காவது நடந்துச்சு, சாட் மெசேஜ்களை அவங்க பக்கத்துல அழிச்சுட்டாங்க, அதனால கையில இருக்கிறப்பவே எடுத்து வெச்சுக்கோங்க.

போன வாரம் புது நம்பர்ல இருந்து மெசேஜ். வேற பேர், வேற லோகோ, அதே சிவப்பு மஞ்சள் பச்சை. "ஹாய் டியர், எவ்வளவு ட்ரை பண்ணியும் எடை குறையலையா?" டப்பாவோட பின்பக்க போட்டோவை மட்டும் அனுப்பினேன். ரெண்டு டிக்கும் நீலமாச்சு, அஞ்சு நிமிஷத்துல புரொஃபைல் படம் காணாம போச்சு.