செல்லுலார் ஜெயில், போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்): பார்க்கலாம், ஆனால் இதோடு நிறுத்த வேண்டாம்

அந்தமான் போகிற எல்லாரும் செல்லுலார் ஜெயிலைப் பார்த்துவிடுகிறார்கள். கட்டடத்துக்காகவே பார்க்க வேண்டிய இடம். ஆனால் பிரிட்டிஷார் கைதிகளை இந்தத் தீவுகளுக்கு அனுப்பிய நாடுகடத்தல் தண்டனை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள வருகிறவருக்கு இது ஆரம்பப் பகுதியை மட்டுமே காட்டுகிறது.

காலையில் கேட் திறந்ததும் போய்விடுங்கள். மதியம் இடைவேளை உண்டு, வெயிலும் தாங்காது. 1896இல் தொடங்கி 1906இல் முடித்த கட்டடம். செங்கல் பர்மாவிலிருந்து வந்தது. நடுக்கோபுரத்தைச் சுற்றி ஏழு கிளைகள், மூன்று தளங்கள் என்று இருந்ததில் இப்போது மிச்சம் மூன்று கிளைகளே. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும். எதிரே யார் இருக்கிறார் என்று எந்தக் கைதிக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள்.

அறை நாலரை மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். காற்றுத்துளை மூன்று மீட்டர் உயரத்தில். உள்ளே போனவுடன் போட்டோ எடுக்காமல் முதலில் தாழ்ப்பாளைப் பாருங்கள். கம்பிக்கதவிலிருந்து நீளும் இரும்புத்தண்டு வெளிச்சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. கம்பிக்கு வெளியே கையை எவ்வளவு நீட்டினாலும் பூட்டு எட்டாது. இந்தச் சிறையின் நோக்கம் முழுவதும் அந்த ஒரு மாடத்தில் தெரிகிறது. செக்குக் கொட்டகையும், கைதியைக் கட்டிவைத்துக் கசையால் அடித்த சட்டகமும் முற்றத்தில் இருக்கின்றன. செக்கில் ஒரு நாளைக்கு 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரைக் கிலோவுக்கு மேல், தேங்காயெண்ணெய் ஆட்ட வேண்டும், குறைந்தால் அடி. தூக்குமேடை மூன்று பேரை ஒரே நேரத்தில் தூக்கிலிடும் அளவு கொண்டது.

குறை என்று சொல்வது இதைத்தான். ஒலி-ஒளிக் காட்சியும் வழிகாட்டிகளும் பேசுவது பெரும்பாலும் அரசியல் கைதிகளைப் பற்றியே. 1933 உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகித் மைத்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் மூவரும் கட்டாய உணவூட்டலில் உயிர்விட்டதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதல் 200 கைதிகள் 1858 மார்ச் 10 அன்றே இங்கே இறங்கிவிட்டார்கள்; சிறை வந்தது அதற்குச் சுமார் ஐம்பது ஆண்டு கழித்து. லயல், லெத்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் இருவரும் 1890இல் பரிந்துரைத்த ‘கடுமையான முதல் கட்டம்’தான் இந்தக் கட்டடம். 1900 வாக்கில் வகுத்திருந்த முறைப்படி, ஆயுள் கைதிக்கு ஆறு மாதம் தனியறை. பிறகு ஒன்றரை ஆண்டு மற்றவர்களோடு சேர்ந்த சிறையில் கடும் வேலை. மூன்று ஆண்டு பகலில் கூட்டு வேலை, இரவில் பூட்டிய கொட்டகை. அடுத்த ஐந்து ஆண்டு சின்னச் சின்ன மேற்பார்வை வேலைகளும் சொற்பக் காசும். பத்தாண்டு முடிந்தால் சிறைக்கு வெளியே வாழ அனுமதிக்கும் சீட்டு கிடைக்கும். நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். தீவை விட்டு மட்டும் போக முடியாது. முழு விடுதலைக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும்.

ஆக, டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அந்த இருபது ஆண்டில் முதல் ஆறு மாதத்தை. மீதியைப் பார்க்க ஜெட்டிக்குப் போங்கள். வைப்பர் தீவில் 1860களில் கட்டிய பழைய சிறை இருக்கிறது. வைஸ்ராய் மேயோ பிரபுவைக் கொன்ற ஷேர் அலியை 1872இல் தூக்கிலிட்டது அங்கேதான். அன்றைக்குப் படகு உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ராஸ் தீவில் (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) கைதிகளின் உழைப்பில் எழுந்த நிர்வாகத் தலைநகரம் ஆலமர வேர்களுக்குள் கிடக்கிறது. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ராஸுக்கே போகலாம்.

தெற்கு அந்தமானில் காலிகட், மஞ்சேரி, மலப்புரம் என்று ஊர்ப்பெயர்ப் பலகைகளைக் காண்பீர்கள். 1921 மாப்பிளா கலகத்துக்குப் பிறகு அன்றைய சென்னை மாகாணத்து மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட மாப்பிளா முஸ்லிம்கள் வைத்த பெயர்கள் அவை. சீட்டு பெற்றுக் குடும்பம் நடத்திய கைதிகளின் வாரிசுகளை இங்கே ‘லோக்கல் பார்ன்’ என்பார்கள். அவர்களுக்கென்று செல்லுலார் ஜெயில் நினைவிடத்தில் ஒரு முழு அறை ஒதுக்க வேண்டும்.