எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடைப்பயணம்: புறப்படும் முன் நிறுவனம் செய்துதந்தவை

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை அழைத்துச் செல்லும் ட்ரெக்கிங் நிறுவனங்கள் காத்மாண்டுவின் தமேல் பகுதியில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. விமானத்தில் போய் இறங்கும் மலை ஊரான லுக்லாவில் தொடங்கி, கடைசித் தங்குமிடமான கோரக்ஷேப் வழியாகச் செல்லும் பாதை எல்லோருக்கும் பொதுவானது. தங்கும் விடுதிகளிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே, புறப்படுவதற்கு முன்பு நம்மை எவ்வளவு அக்கறையுடன் தயார்செய்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு நிறுவனத்தை எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன். நான் சென்ற நிறுவனம் இதில் பெரும்பாலும் மனநிறைவைத் தந்தது.

பயணத்திட்டத்திலேயே அந்த அக்கறை தெரிந்தது. லுக்லாவின் உயரம் சுமார் 2,860 மீட்டர். பேஸ் கேம்பின் உயரம் 5,364 மீட்டர். உடல் உயரத்துக்குப் பழகுவதற்காக, 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவர்கள் கூறும் பொதுவான அறிவுரை. அதற்கேற்ப 3,440 மீட்டரில் உள்ள நாம்சே பஜாரிலும், 4,410 மீட்டரில் உள்ள திங்போச்சேயிலும் ஒவ்வொரு நாள் கூடுதலாக ஒதுக்கியிருந்தார்கள். அந்த நாட்களில் படுத்துக் கிடப்பதில்லை. பகலில் சில நூறு மீட்டர் மேலே ஏறிவிட்டு இரவு உறங்கக் கீழே இறங்கிவிட வேண்டும். கட்டணத்தைக் குறைப்பதற்காக இந்த நாட்களை வெட்டிய திட்டங்களையும் பார்த்தேன். அவற்றை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பயிற்சி பற்றிய அவர்களின் குறிப்புகள் கடல்மட்டத்தில் வாழும் என்னைப் போன்றோருக்கு மிகவும் பொருத்தமாக இருந்தன. மெரினாவில் சமதளத்தில் எவ்வளவு தூரம் நடந்தாலும் போதாது, முதுகில் ஆறேழு கிலோ பையுடன் மாடிப்படிகளில் ஏறி இறங்க வேண்டும் என்றார் வழிகாட்டி. இறங்கும்போதுதான் முழங்கால் சோதிக்கப்படும் என்பதையும் வலியுறுத்தினார். காலணியைப் பற்றி அவர் சொன்னது இன்னும் நுட்பமானது. தடித்த கம்பளிக் காலுறை அணிந்து, சரிவில் இறங்கிப் பார்க்கும்போது பெருவிரல் முனையில் இடித்தால் அந்த அளவு உதவாது. புது ஷூவைப் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே போட்டுப் பழக வேண்டும். புறப்படும் முன் கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். தொடர்ச்சியான இறக்கத்தில் நகம் கறுத்துப்போவதற்கு இவற்றைக் கவனிக்காததே பெரும்பாலும் காரணமாம்.

வீடியோ அழைப்பில், கொண்டுபோகும் பொருட்களையெல்லாம் தரையில் பரப்பிக் காட்டச் சொன்னார். ஜீன்ஸையும் பருத்தி பனியன்களையும் உடனே ஒதுக்கச் சொல்லி, வியர்வையில் நனைந்த பருத்தி காயாமல் உடலைக் குளிரவைக்கும் என்று விளக்கினார். லுக்லா விமானங்களில் கைப்பையும் சேர்த்து பொதுவாக 15 கிலோதான் அனுமதி என்பதால், எடுக்க வேண்டியதைவிட விட வேண்டியதைச் சொன்னது பேருதவியாக இருந்தது. ஸ்லீப்பிங் பேக்கையும் (உறங்கும் பை) இறகு நிரப்பிய டவுன் ஜாக்கெட்டையும் அவர்களே இரவல் தந்தார்கள்.

உயரமான இடங்களில் உடலுக்கு வரும் உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை அவர்களாகப் பரிந்துரைக்காமல், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்பதையும் சொல்லி மருத்துவரிடம் கேட்கச் சொன்னது பொறுப்பான செயல். காப்பீட்டில் 6,000 மீட்டர் உயரம் வரை நடைப்பயணமும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்கியிருக்கின்றனவா என்று, பாலிசியின் உரிய பக்கத்தைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தார்கள். இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை. பூங்கா அனுமதி, உள்ளூர் நகராட்சி அனுமதி இரண்டையும் அவர்களே பெற்றுத் தந்தார்கள்.

குறை ஒன்று உண்டு. கூட்டம் மிகுந்த பருவங்களில் லுக்லா விமானங்கள் பலவும் காத்மாண்டுவிலிருந்து புறப்படுவதில்லை. நான்கைந்து மணி நேரச் சாலைப் பயணத்தில் உள்ள ராமேசாப்பிலிருந்து புறப்படுகின்றன. அதற்காக நள்ளிரவு தாண்டியதும் கிளம்ப வேண்டும் என்பதை முந்தைய மாலைதான் தெரிவித்தார்கள். உறக்கமின்றி முதல் நாள் நடையைத் தொடங்குவது வயதானவர்களுக்கு உண்மையிலேயே கடினம். இதை முன்பணம் பெறும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மலையேற்ற அனுபவம் இல்லாமல் முதன்முறையாகச் செல்வோருக்கு இத்தகைய நிறுவனத்தையே பரிந்துரைப்பேன். முன்பணம் செலுத்துவதற்கு முன், உயரத்துக்குப் பழகும் நாட்கள் எங்கெங்கே, லுக்லா விமானம் எங்கிருந்து, வானிலையால் அது ரத்தானால் கூடுதல் செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.