மடக்கு கேமராவுக்குள் குடியிருக்க எந்த லென்ஸ்? 135, 150, 180 – ஓர் ஒப்பீடு

நாலுக்கு அஞ்சு அங்குல ஃபிலிம் போடுகிற மடக்கு கேமராவை மூடும்போது லென்ஸும் உள்ளேயே இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. இராயக்கோட்டை மலைமேல் வெயில் மேகத்துக்குள் போய் வருகிற இடைவெளி சில நிமிடம்தான். ஒகேனக்கல்லில் அருவிச் சாரல் நம் முகத்தில் அடிக்கும்போது லென்ஸ் பதித்த போர்டைக் கழற்றி மாட்டினால், லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மடிந்து விரியும் பெல்லோஸுக்குள் ஈரம் போகும். மல்லசந்திரம் கல்திட்டைகளைப் பார்க்கப் போகிற வழியில் கிரானைட் லாரி ஒன்று கடந்தால் போதும், எல்லாவற்றின் மேலும் தூசி. அதனால் லார்ஜ் ஃபார்மட்டுக்கு, அதாவது இந்தப் பெரிய ஃபிலிம் கேமராக்களுக்கு, வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, எத்தனை லென்ஸ் வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் கேமராவை விட்டு இறங்காத ஒன்று இருக்கட்டும் என்பதுதான். அது எது என்பதில்தான் போட்டி.

உள்ளே அடங்குமா என்பதை ஃபோக்கல் லெங்த் மட்டும் தீர்மானிப்பதில்லை. போர்டுக்கு முன்னால் லென்ஸ் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் எவ்வளவு, முன்வளையம் எவ்வளவு அகலம், இந்த மூன்றும்தான் கணக்கு. லின்ஹாஃப் டெக்னிகா, டோயோ 45ஏ, விஸ்டா மாதிரியான உலோகப் பெட்டிக் கேமராக்களில் லென்ஸைத் தாங்கும் முன்சட்டம் அப்படியே உள்ளே தள்ளப்பட்டு, அடித்தட்டு கதவு மாதிரி மேலே வந்து மூடும். முன்பக்கம் நீண்டால் கதவு இடிக்கும். பின்பக்கம் நீண்டால், பிம்பம் பார்க்கும் கிரவுண்ட் கிளாஸுக்கு ஆபத்து. மரக் கேமராக்களில் இடம் இன்னும் குறைவு. மிகச் சின்ன லென்ஸுக்குத்தான் வாய்ப்பு, அதையும் சிலர் போர்டைத் திருப்பி மாட்டித்தான் மூடுகிறார்கள்.

இந்த வடிகட்டலில் தேறுகிறவற்றில் மூன்றைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க விரும்புகிறேன். நிக்கார்-டபிள்யூ 135 மி.மீ. எஃப் 5.6, ஷ்னைடர் ஜி-கிளாரான் 150 மி.மீ. எஃப் 9, ஃபுஜினான்-ஏ 180 மி.மீ. எஃப் 9. மூன்றுமே கோப்பால் 0 என்ற சின்ன அளவு ஷட்டரில் உட்காருபவை, போர்டில் 34.6 மி.மீ. துளை போதும். ஃபில்டர் அளவு நிக்காருக்கு 52, ஃபுஜினானுக்கு 46, ஜி-கிளாரானுக்கு வெறும் 35.5. அடங்குவதில் ஜி-கிளாரானை அடிக்க ஆளில்லை. மற்ற இரண்டும் எடையில் 200 கிராமை ஒட்டியவை, அதில் ஃபுஜினான் கொஞ்சம் லேசு.

இனி இமேஜ் சர்க்கிள், அதாவது லென்ஸ் ஃபிலிம் தளத்தில் விழச்செய்யும் வட்டப் பிம்பத்தின் விட்டம். எஃப் 22-இல் நிக்கார் 200 மி.மீ., ஜி-கிளாரான் 189, ஃபுஜினான் 252. நாலுக்கு அஞ்சு ஃபிலிமின் மூலைவிட்டம் சுமார் 153 மி.மீ. தான். எண்களை மட்டும் பார்ப்பவர் உடனே ஃபுஜினான் பக்கம் சாய்ந்துவிடுவார். அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து.

கிருஷ்ணகிரி கோட்டை மலையை எடுத்துக்கொள்ளுங்கள். பழையபேட்டைத் தெருவிலிருந்து கேமராவைச் சாய்க்காமல், வீடுகளின் சுவர்கள் நேராக நிற்க, மலையுச்சி வரை வேண்டும். ரைஸ் போட்டாக வேண்டும், அதாவது லென்ஸை மட்டும் மேலே ஏற்ற வேண்டும்; வட்டம் பெரிதானால் அதிகம் ஏற்றலாம். ஃபிலிமைக் கிடைமட்டமாக வைத்தால் 135-இல் கிட்டத்தட்ட 32 மி.மீ. ஏற்றலாம், 150-இல் 25 மி.மீ., 180-இல் 63 மி.மீ. கேட்க 180 ஜெயித்த மாதிரி இருக்கிறது. ஆனால் லென்ஸ் எவ்வளவு உயரத்தைப் பார்க்கிறது என்று கோணத்தில் கணக்குப் போடுங்கள். முழு ரைஸில் 135-இன் மேல்விளிம்பு அடிவானத்துக்கு மேலே சுமார் 30 டிகிரி வரை எட்டும். 180 தன் 63 மில்லிமீட்டரையும் செலவழித்து எட்டுவது 31 டிகிரி. அவ்வளவு ரைஸை எல்லா மடக்கு கேமராவும் தராது. 40 மி.மீ. வரைதான் ஏறும் கேமராவில் 180 எட்டுவது 26 டிகிரிதான். ஜி-கிளாரான் முழுசாக ஏற்றினாலும் அதே 26. ஆக, மலையடிவாரத்தில் நிற்கும்போது 135 தான் உச்சியைத் தொடுகிறது, அதுவும் 180 கேட்பதில் பாதி ரைஸில். பெல்லோஸும் கசங்காது.

நடுகல் விஷயத்தில் நிலைமை தலைகீழ். தருமபுரி வட்டாரத்து நடுகற்களில் வீரனின் உருவத்துக்கு மேலேயும் பக்கத்திலும் வட்டெழுத்து ஓடும். காலை அல்லது மாலையின் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் எழுத்து எழும்பித் தெரியும். 60 செ.மீ. உயரக் கல்லை ஃபிலிம் நிறைய எடுக்க வேண்டுமானால் 135-ஐக் கல்லிலிருந்து 80 செ.மீ. தூரத்தில் நிறுத்த வேண்டும். ட்ரைபாட் காலும் நம் தலையும் வெயிலை மறைத்துவிடும். 180 என்றால் ஒரு மீட்டருக்கு மேல் விலகி நிற்கலாம், கல்லின் விகிதமும் இயல்பாக வரும். பெல்லோஸ் 216 மி.மீ. நீள வேண்டும், பெரும்பாலான மடக்கு கேமராக்களுக்கு அது சிரமமில்லை. எந்த லென்ஸாக இருந்தாலும் இந்த அளவில் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் கூட்ட மறக்காதீர்கள். ஜி-கிளாரானும் இங்கே அருமையாக வேலை செய்யும், அது பிறந்ததே சம அளவில் படியெடுக்கும் வேலைக்காக. தூரத்துக் காட்சிக்கு அதை எஃப் 22 வரை மூடிவிட்டால் குறை சொல்ல ஒன்றுமிருக்காது.

வெளிச்சத்தையும் பேச வேண்டும். எஃப் 9 லென்ஸ், எஃப் 5.6 லென்ஸைவிட இரண்டரை மடங்குக்கு மேல் மங்கலான பிம்பத்தைத்தான் கிரவுண்ட் கிளாஸில் காட்டும். கிருஷ்ணகிரி அணைக்கரையில் நண்பகலில் அது பொருட்டே இல்லை. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் அனுமதி வாங்கி, மண்டபத்து விதானத்து ஓவியங்களை எடுக்க நின்றால் அப்போது தெரியும். கறுப்புத் துணிக்குள் மூலைகளைப் பார்க்கவே முடியாது, லூப் என்ற உருப்பெருக்கியை வைத்தாலும் தடவல்தான். எஃப் 5.6 அங்கே வசதி அல்ல, தேவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஷ்னைடர் ஆங்குலான் 90 எஃப் 6.8 சின்னது, எளிதில் மடியும், ஆனால் ரைஸுக்கு இடமே தராது. நிக்கார்-எம் 200 எஃப் 8 தட்டையான, அழகான லென்ஸ்; முதல் லென்ஸாகக் கோணம் குறுகல். அப்போ-சிரோனார்-எஸ் 150-ஐ 231 மி.மீ. வட்டத்துக்காக மனசார மதிக்கிறேன், உங்கள் கேமராவுக்குள் அது மூடினால் யோசிக்காமல் எடுங்கள். மூடாத கேமராக்கள் உண்டு என்பதால்தான் மேலே சேர்க்கவில்லை.

என் தேர்வு நிக்கார் 135. பழைய சந்தையில் ஃபுஜினான்-ஏ 180-ஐவிடச் சுலபமாகக் கிடைக்கிறது. அகலமாக எடுத்ததை நாலுக்கு அஞ்சு நெகட்டிவிலிருந்து பிறகு வெட்டிக்கொள்ளலாம், குறுகலாக எடுத்ததை விரிக்க வழியில்லை. நடுகல்லும் கல்வெட்டுமே உங்கள் வேலை என்றால் மட்டும் 180-ஐ உள்ளே குடிவைத்து, 135-ஐப் பையில் வையுங்கள்.

வாங்குமுன் கேமராவை மூடி, முன்சட்டத்துக்கும் மூடிய அடித்தட்டுக்கும் நடுவே உள்ள இடத்தை அளந்துகொள்ளுங்கள். உள்பக்கம் பெல்லோஸ் முழுக்கச் சுருங்கிய நிலையில் போர்டுக்கும் கிளாஸுக்கும் உள்ள இடத்தையும் அளக்க வேண்டும். விற்பவரிடம் லென்ஸின் முன்நீளம், பின்நீளம் இரண்டையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்மூடியோடு சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மூடி இல்லாமல் மடிப்பதால் பயனில்லை. ஷட்டரில் கேபிள் ரிலீஸ் திருகும் முனை எந்தப் பக்கம் நீட்டுகிறது என்பதையும் கேளுங்கள். சட்டத்தில் அது இடித்தால் போர்டில் ஷட்டரைக் கொஞ்சம் சுழற்றி இறுக்கினால் சரியாகிவிடும்.