எம்.ஐ.ஏ.யின் ‘அருளர்’: வெள்ளவத்தை வீட்டில் கேட்டபோது

போன ஞாயிறு மத்தியானம், சோறு தின்ற களைப்பில் எல்லோரும் சரிந்து கிடந்த நேரம், அக்காவின் மகள் ஸ்பீக்கரில் ராப் பாடகி எம்.ஐ.ஏ.யின் முதல் ஆல்பம் ‘அருளர்’ஐப் போட்டுவிட்டாள். அவளுக்கு வயது 19. ஆல்பம் வந்தது 2005 மார்ச்சில், அவள் பிறக்கவே இல்லை. “மாமா, இவ எங்கட ஆளாமே?” என்றாள். சரி, பகல் நித்திரை போச்சு.

எங்கட ஆள்தான். எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, பத்துப் பதினொரு வயதில் தாயோடு அகதியாகத் திரும்பவும் லண்டன் போனவர். ‘அருளர்’ என்பது அப்பாவின் இயக்கப் பெயர். ஈரோஸ் என்ற தமிழ்ப் போராளி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர், சின்ன வயதில் மகள் அவரைக் கண்டதே குறைவு. இளம் ராப் பாடகி என்று அப்போது எழுதினார்கள், ஆனால் ஆல்பம் வரும்போது வயது 29. ராப்பில் அது கொஞ்சம் பிந்தித்தான்.

அத்தானுக்கு அந்தப் பெயரே பிடிக்காது. 2005இல் நான் வாங்கிய கொப்பி சீடியின் அட்டையில் எம்.ஐ.ஏ.யின் முகத்தைச் சுற்றி யுத்த டாங்கிகள். சமாதானப் பேச்சு ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம், கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அதைப் பையில் போட்டுத் திரிவதா? அட்டையைக் கழற்றிவிட்டு ஒரு சினிமாப் பாட்டு உறைக்குள் சொருகி வைத்திருந்தேன். லண்டனில் ஸ்டைலாகத் தெரிந்த படம் இங்கே ஒரு இரவு முழுக்கப் பொலிஸில் குந்த வைத்துவிடும் என்று அத்தான் அன்றைக்கும் சொன்னார், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார். “துவக்குச் சத்தம் கேட்டு ஓடினவனுக்கு அது தாளம் இல்லை” என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆனால் காது வேறு மாதிரி. ‘பக்கி டன் கன்’ தொடங்கும்போது ஊதும் அந்த ட்ரம்பெட் இருக்கிறதே, அது பிரேசில் ஃபங்க் பாட்டொன்றின் வழியாக வந்தது, அதற்கும் மூலம் ‘ராக்கி’ படத்து இசை. எங்கள் வீட்டில் யாருக்கும் ராக்கி ஞாபகம் வரவில்லை. மருமகள் முதல் பத்து விநாடியிலேயே “பப்பரே!” என்று கத்தினாள். பள்ளிக்கூடங்களின் பிக் மேட்ச் கிரிக்கெட் நாளில் லொறிப் பெட்டியில் ஏறி நின்று பெடியன்கள் ஊதும் பப்பரே வாத்தியத்தின் அதே திமிர், அதே கொஞ்சம் சுருதி விலகிய சந்தோஷம். அதற்குப் பிறகு எனக்கும் அது வேறு எதுவாகவும் கேட்கவில்லை.

இந்த ஆல்பத்தின் பலம் அங்கேதான். இவர் பெரிய ஸ்டுடியோவில் தொடங்கவில்லை. எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் கொடுத்த ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப் பெட்டியைத் தட்டித் தட்டிப் பழகி, அதிலேயே பாட்டின் எலும்பைக் கட்டியவர். ஆட்கள் வந்து மெருகேற்றிய பிறகும் அந்தப் பெட்டியின் வறட்டுச் சத்தம் போகவில்லை, போகாததே நல்லது. ‘புல் அப் த பீப்பிள்’இல் தாளத்துக்கும் குரலுக்கும் நடுவே வேறு ஒன்றுமே இல்லை, வெறும் நிலத்தில் தகரத்தை இழுத்த மாதிரி.

வரிகளைப் பற்றி எனக்குக் குறை உண்டு. குண்டு, துப்பாக்கி, காசு, நடனம் எல்லாம் ஒரே மூச்சில் வந்து போகின்றன, எதிலும் நின்று கதைப்பதில்லை. கோபம் தாளத்தில் இருக்கிற அளவுக்குச் சொல்லில் இல்லை. ‘டென் டொலர்’ விதிவிலக்கு: பத்து டொலருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கும் அந்தப் பாட்டு உடம்பை விற்க வேண்டிவந்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றியது. மருமகள் இரண்டு தடவை அதற்கு ஆடிவிட்டு மூன்றாம் தடவை வரியைக் கவனித்தாள், ஆட்டம் நின்றது. ‘சன்ஷவர்ஸ்’ என் பிடித்தம். பழைய டிஸ்கோப் பாட்டின் இனிமையான கோரஸுக்குக் கீழே கதை இருட்டாக ஓடுகிறது. காணொளியைத் தென்னிந்தியக் காட்டில் எடுத்தார்கள், அதிலுள்ள ஓர் அரசியல் வரிக்காக எம்.டி.வி.யோடு இழுபறியும் நடந்தது.

‘ஹொம்ப்ரே’ எனக்கு ஒட்டவில்லை. ஆல்பத்தில் பாட்டுகளுக்கு நடுவே வரும் மூன்று குட்டித் துண்டுகளில் முதலாவது மட்டும் தேவை: ப-னா-னா என்று எழுத்துக்கூட்டும் அது, ரியூஷன் வகுப்பில் இங்கிலீஷ் படித்த எவருக்கும் சிரிப்பை வரவழைக்கும். மற்ற இரண்டையும் தாண்டிவிடலாம்.

அம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை, ‘கலாங்’ முடிவில் வரும் யா யா ஹே மட்டும் “நல்லாக் கூவுறாள் பிள்ளை” என்றார். அத்தான் எழும்பி வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மொத்தமே 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதனால் ஒரே இருப்பில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், பேஸ் இல்லாமல் பாதி ஆல்பம் காணாமல் போய்விடும். ஐந்துக்கு நான் நாலு கொடுப்பேன், மருமகள் ஐந்து. அத்தானிடம் கேட்கவில்லை.